சீட் கிடைத்த பிறகு யாரிடம் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு வருடமும் மருத்துவக் கலந்தாய்வில் மாற்றுத்திறனாளிகளும் வரும் சிறப்புப் பிரிவு முடிந்த மறுநாள் பத்திரிகைகளில் ஒரு படம் வரும். ஒரு பையனோ பெண்ணோ ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பக்கத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார், தலைப்பில் 'தன்னம்பிக்கை' என்ற சொல் எப்படியும் இருக்கும். அந்தச் செய்தி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நானும் விரும்பித்தான் படிக்கிறேன். ஆனால் அதே பிள்ளை மூன்றாம் வருடத்தில் வார்டில் என்ன பாடுபடுகிறது என்று எந்த நிருபரும் திரும்பப் போய் விசாரித்து நான் பார்த்ததில்லை, உங்கள் நிருபர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவி. சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் பெருமளவு போய்விட்டது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிகள் வைத்திருக்கிறேன், பேசுகிறவரின் உதட்டையும் சேர்த்துப் பார்த்துப் புரிந்துகொள்வேன். என் பெயரையும் கல்லூரியையும் வெளியிட வேண்டாம். பிராக்டிகல் தேர்வும் வைவா என்ற வாய்மொழித் தேர்வும் இன்னும் பாக்கி இருக்கின்றன, காரணம் அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. உயர்கல்வியில் 5 சதவீத இடம், 21 வகைக் குறைபாடுகளின் பட்டியல், இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீத வரம்பு, இதெல்லாம் பெற்றோர்களுக்குக்கூட இப்போது மனப்பாடம். அதே சட்டத்தின் 16, 17 பிரிவுகளில் கல்வி நிறுவனம் மாணவரின் தேவைக்கு ஏற்ற ஏற்பாடுகளைச் செய்து தரவேண்டும், பாடத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றம் செய்யவேண்டும் என்று எழுதியிருப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் வாயைத் திறந்து கேட்பதில்லை. எங்கள் வீட்டில் முதல் வருடம் முழுக்க ஒரே பேச்சுதான்: "எதுவும் கேட்டு வைக்காதே பாப்பா, அப்புறம் சீட்டையே பிடுங்கிடப் போறாங்க."

இதைப் படித்துவிட்டு விவரம் தெரியாத பெற்றோர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பயத்துக்கு விதியிலேயே இடம் இருந்தது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2019-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலின்படி, காது கேளாமை 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவம் படிக்கத் தகுதி இல்லை என்று இருந்தது. கருவி மாட்டி அதை 40-க்குக் கீழே கொண்டுவந்து, பேச்சைப் பிரித்தறியும் சோதனையிலும் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்தால்தான் தகுதி கிடைத்தது. பார்வைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். அதாவது ஒதுக்கீடு வேண்டுமென்றால் குறை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும், படிக்க வேண்டுமென்றால் கருவி மாட்டினால் குறை தெரியவே தெரியாது என்றும் நிரூபிக்க வேண்டும். இப்படி நிரூபித்துவிட்டு உள்ளே வந்த ஒருத்தி, ஆறு மாதம் கழித்துத் துறைத்தலைவர் முன்னால் போய், "சார், ரவுண்ட்ஸில் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை" என்று எந்தத் தைரியத்தில் சொல்வாள்? அப்படியானால் உன் கருவி வேலை செய்யவில்லை, மருத்துவ போர்டு கொடுத்த சான்றிதழ் தப்பு, திரும்ப ஒருமுறை போய்ச் சோதித்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டால்? எனக்குத் தெரிந்து இந்த ஒரு பயத்தினாலேயே இரண்டு காதும் சரியாகக் கேட்பதுபோல் நடித்துக்கொண்டு, நோட்டை நண்பர்களிடம் வாங்கி எழுதி, ஐந்தரை வருடத்தையும் ஓட்டிவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

வார்டில் உண்மையில் எது சிரமம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காது கேட்காத மாணவி என்றதும் எல்லோருக்கும் ஸ்டெதஸ்கோப் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அதிலும் சிக்கல் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. என் கருவியின் அச்சு காதுத் துளையை அடைத்துக்கொண்டிருக்கும், ஸ்டெதஸ்கோப்பை வைக்க வேண்டுமானால் அதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் எதிரில் நிற்கும் பேராசிரியர் "என்ன கேட்டது?" என்று கேட்கும் கேள்வி எனக்குக் கேட்காது. இதய ஒலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வருபவை, பேச்சைத் தெளிவாக்குவதற்காகச் செய்யப்பட்ட கருவிகளோ அந்தத் தாழ்ந்த ஒலிகளைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். அதனால் கருவிக்கு மேலேயே சாதாரண ஸ்டெதஸ்கோப்பை வைத்தும் பயன் இல்லை. ஒலியைப் பெருக்கி நேராகக் கருவிக்கே அனுப்பும், கூடவே கைப்பேசித் திரையில் அலையாகவும் வரைந்து காட்டும் மின்னணு ஸ்டெதஸ்கோப் கடையில் கிடைக்கிறது. விலை அதிகம், ஆனால் இப்படி ஒரு பொருள் இருக்கிறது. எனக்கு அப்பா ஏலச்சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்தார். முர்மர் (இதயத் துடிப்போடு கேட்கும் கூடுதல் இரைச்சல்) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை என் பக்கத்தில் நிற்கிறவர்கள் காதால் கணிக்கிறார்கள், நான் திரையிலும் பார்த்துச் சொல்கிறேன்.

பெரிய தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ரவுண்ட்ஸில் முப்பது பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்போம், தலைக்கு மேலே பழைய மின்விசிறி கடகடவென்று ஓடும், பேராசிரியர் நோயாளியின் வயிற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டே பேசுவார். அவர் முதுகு எனக்கு என்ன சொல்லும்? வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு ஸ்லைடு போட்டால் அவர் உதடும் இருட்டில் போய்விடும். ஆபரேஷன் தியேட்டரில் எல்லோருக்கும் முகக்கவசம், அங்கே உதடு என்ற பேச்சுக்கே இடம் இல்லை. தொப்பி கருவியின் மைக்கை அழுத்தி அது கீச்சென்று கத்த ஆரம்பித்தால், கை கழுவி கையுறை போட்ட பிறகு அதைத் தொட்டுச் சரிசெய்யவும் முடியாது. ஆஸ்கி தேர்வில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மணி அடித்தால் நகரவேண்டும், அந்த மணிக்காகப் பக்கத்து மாணவரின் காலையே பார்த்துக்கொண்டு நின்றால் கையில் இருக்கும் கேஸில் எப்படிப் புத்தி நிற்கும்? அப்புறம் ஹவுஸ் சர்ஜன் வருடம் வருகிறது. இரவு டியூட்டியில் கருவியைக் கழற்றி வைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தொலைபேசி அடிப்பது தெரியாது.

நோயாளிகளால் வரும் சிரமம் நான் பயந்த அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். மெடிசின் வார்டில் ஒரு பாட்டியிடம், "எனக்குக் காது கொஞ்சம் மந்தம் பாட்டி, என்னைப் பார்த்துச் சொல்றீங்களா?" என்றேன். "எனக்கும்தான் கண்ணு, நீயும் சத்தமா பேசு" என்றார். அன்றைக்கு நான் எடுத்த கேஸ் ஹிஸ்டரி அந்த வாரத்திலேயே நல்லது என்று உதவிப் பேராசிரியர் சொன்னார்.

மேலே சொன்னவற்றுக்கு என்ன வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். நோயாளியின் தலைமாட்டில், பேசுகிறவரின் முகம் தெரியும் இடத்தில் நிற்க ஒரு இடம். முதல் நாள் மாலையே ஸ்லைடுகள். தியேட்டரில் என்னோடு பேசுகிற ஒருவருக்காவது வாய் தெரிகிற முகக்கவசம், அது கிடைக்காத இடத்தில் முக்கியமான உத்தரவுகளை ஒரு பலகையில் எழுதிக் காட்டுவது. ஆஸ்கி மேசையில் மணியோடு சேர்ந்து எரியும் ஒரு விளக்கு. வைவாவில் கேள்வி புரியாவிட்டால் எழுதிக் காட்டச் சொல்லும் அனுமதி. டியூட்டியில் தொலைபேசி அழைப்புக்குப் பதில் வாட்ஸ்அப் செய்தியும், தலையணைக்கு அடியில் அதிரும் ஒரு அலாரமும். இதில் பாதிக்குக் காசே தேவையில்லை. மீதிப் பாதிக்கும் ஒரு மருத்துவக் கல்லூரியின் வருடச் செலவில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எதுவும் ஆகாது.

இதை நான் கேட்கவில்லையா என்றால், இரண்டாம் வருடத்தின் கடைசியில் கேட்டேன். துறையில் கேட்டதற்கு அலுவலகத்தில் எழுதிக் கொடு என்றார்கள். அலுவலகத்தில் எந்த செக்‌ஷன் இதை வாங்கும் என்றே தெரியவில்லை. உதவித்தொகை பார்க்கிறவரிடம் போ என்றார்கள், அவர் ஹாஸ்டல் பிரிவைக் கைகாட்டினார், அங்கிருந்து தேர்வுப் பிரிவுக்கு. தேர்வு சம்பந்தப்பட்டது எங்கள் கையில் இல்லை, பல்கலைக்கழகத்தில் கேள் என்று அங்கே முடிந்தது. யாரும் என்னை விரட்டவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. எல்லோரும் பாவப்பட்டார்கள், ஒருவர் டீகூட வாங்கித் தந்தார். கடிதத்துக்கு மட்டும் இன்றுவரை பதில் கிடையாது. கிடைத்த உதவி எல்லாம் தனி மனிதர்களிடமிருந்து வந்தது: ஸ்லைடுகளை முன்கூட்டியே அனுப்பிய ஒரு மேடம், ரவுண்ட்ஸில் கூட்டத்தை விலக்கி என்னை முன்னால் இழுத்து நிறுத்திய ஒரு சார், பேச்சை எழுத்தாக்கும் செயலியைத் தன் கைப்பேசியில் போட்டு நீட்டிய வகுப்புத் தோழி (தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் அந்தச் செயலி என்னென்னவோ எழுதும், இருவரும் சிரித்திருக்கிறோம்). போஸ்டிங் மாறியதும் அந்த உதவியும் போய்விடும். அடுத்த யூனிட்டில் மறுபடி முதலிலிருந்து, என் காதின் கதையைச் சொல்லி, அவர் முகத்தில் அந்தப் பரிதாபம் வந்து போகும்வரை காத்திருந்து, அப்புறம் நிற்க இடம் கேட்கவேண்டும்.

உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழியைச் சொல்லி முடித்துவிட்டது என்பதால்தான் எனக்கு எரிச்சல் அதிகம். 2024 அக்டோபரில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. அக்டோபர் 15 அன்று ஓம்கார் ராம்சந்திர கோண்ட் வழக்கில், 40 சதவீதக் குறைபாடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்க முடியாது, அவரால் படிக்க முடியுமா என்பதைத்தான் மதிப்பீட்டு வாரியம் பார்க்கவேண்டும் என்று சொன்னார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் நம் பொள்ளாச்சிக்காரரான நீதிபதி கே.வி. விஸ்வநாதன். அக்டோபர் 25 அன்று ஓம் ராத்தோட் வழக்கு, தசைச் சிதைவு நோயால் 88 சதவீதக் குறைபாடு உள்ள மாணவருடையது. பத்திரிகைகள் அவருக்கு இடம் கிடைத்ததை எழுதின. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: எந்தக் கல்லூரியில் என்ன வசதி இருக்கிறது என்பது விண்ணப்பிக்கும் மாணவருக்கு முன்பே தெரியவேண்டும், மருத்துவக் கல்லூரிகளில் 'எனேபிளிங் யூனிட்' என்ற அமைப்பு உருவாகவேண்டும், வார்டிலும் கிளினிக்கிலும் ஏற்பாடு தேவைப்படும் மாணவர்கள் அணுகும் இடமாக அது இருக்கவேண்டும். நான் செக்‌ஷன் செக்‌ஷனாகத் தேடியது அந்த ஒரு மேசையைத்தான்.

அதற்கப்புறமும் வழக்குகள் ஓயவில்லை. 'இரண்டு கைகளும் முழுமையாக, உணர்வோடும் போதிய வலுவோடும் இருக்கவேண்டும்' என்ற பழைய நிபந்தனையை 2025 பிப்ரவரியில் அன்மோல் வழக்கில் நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. மே 2 அன்று கபீர் பஹாரியா வழக்கில், வழிகாட்டுதலைத் திருத்தும் வேலையை இரண்டு மாதத்தில் முடியுங்கள் என்று, பழைய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையத்திடம் சொன்னது. 2025-26 சேர்க்கைக்கு ஒரு இடைக்கால வழிகாட்டுதல் வந்தது. தன்னால் என்னென்ன செய்ய முடியும் என்று மாணவரே உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரவேண்டுமாம். எழுதித் தருகிறோம், சரி. கல்லூரி தன்னால் என்னென்ன செய்து தரமுடியும் என்று மாணவருக்கு எழுதித் தரும் பத்திரம் எங்கே? இத்தனை வழக்கும் வாசற்படியைப் பற்றியே நடந்துகொண்டிருக்கிறது, வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆளில்லை.

நோயாளியின் உயிர் விஷயம் ஆயிற்றே, இதில் சலுகையா என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் வாசகர் பகுதியிலேயே அடுத்த வாரம் ஒருவர் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன், அது நியாயமான கேள்விதான். என் பதில் இது. முர்மரைக் கண்டுபிடிக்கத் தெரியாதவளுக்கு யாரும் பட்டம் தரவேண்டாம், நானே கேட்கமாட்டேன். எதைத் தெரிந்திருக்கவேண்டும் என்பதில் ஒரு எழுத்துக்கூட மாறவேண்டாம், எந்த வழியில் தெரிந்துகொண்டேன் என்பதில்தான் இடம் கேட்கிறேன். வெளியே உண்மையான வேலையில், வால்வில் கோளாறு என்று சந்தேகம் வந்தால் எல்லோரும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துத்தான் உறுதி செய்கிறார்கள், காதை மட்டும் நம்பி யாரும் ஆபரேஷனுக்கு அனுப்புவதில்லை. எனக்கும் எல்லை தெரியும். கவசம் போட்ட ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசும் விபத்துச் சிகிச்சை அறையை நான் என் துறையாகத் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. கேட்பதையெல்லாம் கல்லூரி தந்தே ஆகவேண்டும் என்றும் சொல்லவில்லை. அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால் மறுக்கலாம் என்று சட்டத்தின் 2-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்கிறேன். தராமலும் மறுக்காமலும் கிடப்பில் போடுவதற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

இது ஏதோ டெல்லியிலிருந்து இறங்கிய புதுப் பழக்கம் என்பதும் சரியில்லை. வேலூர் சி.எம்.சி.யில் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அன்றைக்குச் சட்டம் எதுவும் கிடையாது. அங்கே தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையை நடத்திக்கொண்டிருந்த பால் பிராண்ட், அதை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று யோசித்தார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையையே கட்டியெழுப்பினார், 1972-இல் பத்மஸ்ரீ வாங்கினார். பொதுவாக இந்தக் கதையை அவருடைய மன உறுதிக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த மருத்துவமனைதான். உன்னால் முடியாதது என்ன என்று பட்டியல் போடாமல், எந்த வேலையை எப்படி மாற்றினால் நீ செய்யலாம் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எல்லாக் கல்லூரிக்கும் ஒரு பால் பிராண்ட் கிடைப்பாரா? கிடைக்கமாட்டார், அதனால்தான் அந்த யோசிக்கும் வேலையை ஒரு பதவியாக ஆக்கி ஒருவர் பெயரில் எழுதச் சொல்கிறேன்.

காது விஷயத்தையே பேசிக்கொண்டிருக்கிறேன், என் பாடு அது. வேறு கல்லூரியில் படிக்கும் தலசீமியா என்ற ரத்தநோய் உள்ள ஒரு மாணவனுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றவேண்டும். தலசீமியா அந்த 21 வகைப் பட்டியலில் இருக்கிறது, சான்றிதழும் வைத்திருக்கிறான். பிராக்டிகலுக்கு 80 சதவீத வருகை வேண்டும் என்ற விதிக்கு அந்தப் பட்டியல் தெரியாது. ரத்தம் ஏற்றிய நாளெல்லாம் அவனுக்கு ஆப்சென்ட்தான். தவறிய கிளினிக்கை மாலையில் வேறு பேட்சோடு பார்த்துக்கொள்ள விடுங்கள் என்று கேட்கிறான். சக்கர நாற்காலியில் வரும் ஒரு அக்காவுக்கு அனாட்டமி ஹாலில் டிசெக்‌ஷன் மேசை கழுத்து உயரத்துக்கு இருந்தது. உயரம் குறைந்த ஒரு மேசை போட்டிருந்தால் முடிந்திருக்கும், ஒரு வருடம் முழுக்க அவர் மற்றவர்கள் தோளுக்கு இடையில் எட்டிப் பார்த்தே படித்தார். எழுத்துக் குறைபாடும் மனநலச் சிக்கலும் உள்ளவர்கள் நிலைமை இன்னும் மோசம். வெளியே தெரியாத குறை என்பதால் கேட்டாலே சோம்பேறித்தனம் என்ற பேச்சு வரும். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் தேர்வு எழுத உதவி கேட்கலாம் என்று விகாஷ் குமார் வழக்கில் 2021-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர் போட்ட வழக்கு அது. எத்தனை தேர்வுப் பிரிவுகளில் இதைப் படித்திருப்பார்கள்?

தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குக் கொஞ்சம். வாயால் கேட்பதோடு நிற்காதீர்கள், எழுதுங்கள். கடிதத்தில் நோயின் பெயரையும் சதவீதத்தையும் விரிவாக விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், அது உங்கள் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையிலேயே இருக்கிறது. எந்த வேலை, எந்த இடத்தில் தடை, எதைச் செய்தால் தடை நீங்கும் என்று எழுதுங்கள். 'எனக்குக் காது கேட்காது, உதவவும்' என்று எழுதினால் பரிதாபம்தான் பதிலாக வரும். 'ஆஸ்கி தேர்வில் மணியோடு விளக்கும் வேண்டும்' என்று எழுதினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. டீன் பெயருக்கு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தின் 2, 16, 17 பிரிவுகளையும் ஓம் ராத்தோட் தீர்ப்பையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். தேர்வு சம்பந்தமானதைத் தேர்வுக்கு ரொம்ப நாள் முன்பே கேளுங்கள், ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம், விசாரிப்பதற்கு அவருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு, அவர் பரிந்துரையை ஏற்காத நிறுவனம் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்லவேண்டும். சட்டத்தை மீறினால் அபராதமும் உண்டு, முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை. நான் வாங்கிய ஸ்டெதஸ்கோப் அதைவிட விலை அதிகம், அது வேறு கதை.

ஆனால் இந்த வழியெல்லாம் ஒரு மாணவியைத் தன் ஆசிரியர்களுக்கு எதிராக மனு போடவைக்கும் வழிகள். உள்மதிப்பெண் போடுவதும் அவர்கள், வைவாவில் எதிரே உட்காருவதும் அவர்கள், நாளை ஹவுஸ் சர்ஜனாக எனக்கு டியூட்டி போடுவதும் அவர்களேதான். அதனால் நான் மாநில அரசிடமும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடமும் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இந்த வேலைக்கென்று ஒரு அதிகாரியை நியமியுங்கள், எனக்கு மதிப்பெண் போடாத துறையிலிருந்து. பெயரையும் அறை எண்ணையும் கல்லூரி இணையதளத்தில் போடுங்கள். ஒரு படிவம் வையுங்கள், இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் என்று அதிலேயே அச்சடியுங்கள். அவர் ஒருமுறை ஒத்துக்கொண்ட ஏற்பாடு எல்லா யூனிட்டுக்கும் எல்லாத் தேர்வுக்கும் வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கும் ஒரே தாளாகப் போய்ச் சேரட்டும், ஒவ்வொரு வாசலிலும் நான் என் காதைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. முக்கியமாக, இங்கே வந்து உதவி கேட்டதை வைத்து யாருடைய தகுதியையும் மறுபரிசீலனை செய்யமாட்டோம் என்று அந்தப் படிவத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் எத்தனை அறை திறந்து வைத்தாலும் ஒரு பிள்ளையும் உள்ளே போகாது.

அவசரம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்தப்பட்ட குழந்தைகள் நிறையப் பேர். இந்த விஷயத்தில் நம் மாநிலம் பெருமைப்படலாம், பல லட்சம் ரூபாய் ஆகும் சிகிச்சையை ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்தார்கள். அப்போது இரண்டு மூன்று வயதில் பொருத்திக்கொண்டவர்கள் இப்போது பிளஸ் டூவுக்கும் நீட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது டாக்டர் ஆகும் ஆசை இருக்காதா?

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. அடுத்த சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வுக்கு உங்கள் நிருபர் போகும்போது அந்தப் பிள்ளையின் படத்தை எடுக்கட்டும், அம்மாவிடமும் பேசட்டும். அப்புறம் அந்தப் பிள்ளை தேர்ந்தெடுத்த கல்லூரிக்கு ஒரு போன் போட்டு, "இந்த மாணவருக்கு ஏதாவது ஏற்பாடு தேவைப்பட்டால் யாரைப் பார்க்கவேண்டும்?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரைச் செய்தியின் கீழே போடுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் அதையும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மருத்துவ மாணவி ஒருத்தி,
டெல்டா மாவட்டம்.